ஏழாவது ஆணி

அமலாவுக்கு வாய்த்த மாதிரிப் புருஷன் மாரிகுப்பத்தில் வேறு எவளுக்கும் வாய்க்கவில்லை என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். பேச்சில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது, நிறையக் கேலியும் இருந்தது. இருபத்து நாலு வருஷம் பட்டாளத்தில் கழித்து, ஹவில்தாராக ஓய்வுபெற்று வந்த மனோகர், விடியற்காலை ரயிலுக்குப் போகிற பெண்டாட்டியை ஒரு நாளாவது தனியே அனுப்பியதுண்டா? கிடையாது. பனி இறங்குகிற நேரத்தில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அவன் முன்னால் நடப்பான். நாலடி பின்னால், டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அமலா நடப்பாள்.

"புதுசா கண்ணாலம் கட்டனவங்ககூட இப்டி போவ மாட்டாங்கடி" என்று பக்கத்து வீட்டு சரோஜம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொல்வாள். "எங்கூட்டுக்காரர் இருந்தவரைக்கும் நான் செத்தேனா பொழச்சேனான்னு பாத்தது இல்ல."

அமலா சிரித்து வைப்பாள். வேறென்ன செய்வாள்? அவன் அவளுக்கு வெளிச்சம் காட்டவில்லை. தரையைத் தேடிக்கொண்டு போனான். புதிதாகக் கிளறிய மண், ஓரத்தில் கிடக்கும் தகர டப்பா, யாரோ விட்டுப்போன பிளாஸ்டிக் பை என்று ஒவ்வொன்றிலும் நின்று, குனிந்து, பார்த்து, பிறகுதான் அடுத்த அடி. அவன் கால் வைத்த இடத்தில்தான் அவள் கால் வைக்க வேண்டும். அரை அடி விலகினாலும், "ட்ராக்க உட்டு எறங்காத!" என்று ஒரு குரல் வரும். அது அவள் கட்டிக்கொண்டவனின் குரலே அல்ல. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு முந்நூறு காலடி தூரம். அதற்கு இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த இருபது நிமிஷத்துக்காக அவள் அலாரத்தை முன்னே தள்ளி வைத்திருந்தாள்.

எல்லையில், புதைத்து வைத்த கண்ணிவெடிகளைத் தேடி எடுக்கிற வேலை மனோகருடையது. கடைசி இரண்டு வருஷத்தில் அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று மட்டும் அவளுக்குத் தெரியும். என்ன என்று அவன் சொல்லவில்லை. அவன் தூங்காமல் கதவோரம் உட்கார்ந்திருப்பதற்கும், விசேஷங்களுக்கு வராததற்கும், வாங்கிக் கொடுத்த செக்யூரிட்டி வேலைக்குப் போகாததற்கும் சேர்த்து அமலா ஊருக்கு ஒரே பதில் வைத்திருந்தாள். அல்சர்.

"அல்சரா?" என்று ஒருநாள் ரயிலில் கேட்டாள் ஜெனிட்டா. இரண்டு பேரும் பெங்களூரில் ஒரே கார்மெண்ட்ஸில் தையல் மெஷினில் உட்காருகிறவர்கள், பதினோரு வருஷமாக ஒரே பெட்டியில் ஒரே ஜன்னலோரத்தைப் பங்கு போடுகிறவர்கள். "அல்சர் வந்த ஆளு போன ஞாயித்துக்கெழம நாலு மொளகா பஜ்ஜி துன்னாரே, நான் கண்ணால பாத்தேனே?"

"மாத்திர போட்டுக்கினு துன்னாரு."

"சரி, மாத்திர." ஜெனிட்டா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "எங்க அண்ணன் ஏனோக்கு சுபேதாரா இருந்து வந்துதே, அதுக்கும் மொதல் ரெண்டு வருஷம் சுகர்னுதான் அண்ணி ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தாங்க. ஒருநாளும் சுகர் டெஸ்டு பண்ணதே இல்ல."

அமலா டிபன் பாக்ஸைத் திறந்து மூடினாள்.

கோடை உச்சத்தில் அந்தப் பொய் உடைந்தது. தங்கச் சுரங்கத்து ஆட்களுக்குக் கட்டிய லைன் வீடுகளின் நடுவே தண்ணீர்க் குழாய் போடுவதற்காகப் பள்ளம் தோண்டி, மண்ணை அரைகுறையாக மூடிவிட்டுப் போயிருந்தார்கள். மத்தியானம் அமலா காலர் தைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சரோஜம்மா அந்தப் புது மண்ணில் கால் வைத்திருக்கிறாள். வீட்டுக்குள்ளிருந்து மனோகர் பாய்ந்து வந்து அவளை இழுத்துத் தரையில் தள்ளி, அவள்மேல் குப்புறப் படுத்துக்கொண்டானாம். நாலு பேர் சேர்ந்து இழுத்தும் எழுந்திருக்கவில்லையாம். சரோஜம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அமலா வந்தபோது லைனில் ஒருவரும் பேசவில்லை. பேசாமல் பார்த்தார்கள், அதுதான் பெரிய பேச்சாக இருந்தது. வீட்டுக்குள் மனோகர் மூலையில், முதுகைச் சுவரில் ஒட்டி உட்கார்ந்திருந்தான்.

"இனிமே நான் வெளிய வரமாட்டேன்" என்றான். "என்னால இங்க யாருக்கும் நல்லது இல்ல. நீயும் எங்கனா பூடு."

"எங்க போறது? பாஞ்சி நாளு லீவுல வந்து கட்டிக்கினு, அடுத்த வருஷம் வந்து மூஞ்சிய காமிச்சி, இருவது வருஷமா லெட்டர்லயும் போன்லயும் குடும்பம் பண்ணீங்க. இப்பதான் மொதமொதல்ல கூட கீறீங்க. இப்ப போய் போன்னா?" அவளுக்கு அழுகையும் கோபமும் ஒரே மூச்சில் வந்தது. "இன்னா நடந்துச்சி அங்க? சொல்லுங்க. அல்சர்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது."

சொன்னான். ஹேமந்த் என்று ஒரு பையன், தாவணகெரேக்காரன், மனோகரின் செக்ஷனில் சிப்பாய். மனோகர் ஒரு வழியைத் தேடி முடித்து, வெள்ளை நாடா கட்டி, போகலாம் என்று கை காட்டினான். ஹேமந்த் நடந்தான். பதினாறாவது அடியில் தரை வெடித்தது.

"கிளியர்னு கை காட்டனது நான், அமலா. இந்தக் கைதான். விசாரணைல, மழைல மண்ணு நவுந்து வந்த வெடி, ஒன் தப்பு இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. எழுதிக் குடுத்துட்டா?"

அவள் அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இவ்வளவையும் தனியாக வைத்துக்கொண்டு இந்த மனுஷன் எப்படிச் சோறு தின்றான் என்று நினைத்துக்கொண்டாள்.

அதன்பின் பதினோரு நாள் அவன் வாசற்படி தாண்டவில்லை. அமலா தையலுக்குப் போகாமல் கூடவே இருந்தாள். பன்னிரண்டாம் நாள் காலை, மாவுக்கட்டுக் கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு சரோஜம்மா நேரே உள்ளே வந்தாள். அமலா எழுந்து குறுக்கே நின்றாள்.

"ஏம்பா மனோகரு, கைய ஒடச்சிட்டு உள்ள பூந்துக்கினா ஆச்சா? பன்னெண்டு நாளா அவங்க இவங்க கையில கால்ல உயுந்து ரெண்டு கொடம் வாங்கறேன். எனக்கு யாரு தண்ணி மொள்றது? ஒம் பொண்டாட்டியா?"

மனோகர் தலை நிமிரவில்லை. "மன்னிச்சிக்கம்மா."

"மன்னிப்ப வெச்சிக்கினு நான் சோறாக்கட்டுமா? எட்டு கொடம். ஆறு மணிக்கு தண்ணி வுடுவான். கட்டு பிரிக்கிற வரைக்கும் நீதான் மொள்ளணும்." போகிற போக்கில் வாசலில் நின்றாள். "சொரங்கத்துல ஏர் பிளாஸ்ட் ஆயி, பாற வெடிச்சி பூமி குலுங்கும் பாரு, அப்ப எங்கூட்டுக்காரர் என் மயிரப் புடிச்சி இஸ்து கட்டிலுக்கு அடியில தள்ளுவாரு. அப்பால ஆறு மாசத்துக்கு தட்டு உயுந்தாகூட தள்ளுவாரு. பல்லு கூட ஒண்ணு போச்சி. அதுக்கு யாரும் பேரு வெச்சி ஊட்டுல பூட்டல. வா, கொடம் காலியா கீது."

அவன் போனான். ஒவ்வொரு அடியாகத் தரையைப் பார்த்துக்கொண்டு, வழக்கத்தைவிட மெதுவாகத்தான் போனான். ஆனாலும் எட்டுக் குடம் நிறைந்தது. குழாயடியில் வரிசையில் நின்றவர்கள் வழி விட்டார்கள். அன்றைக்கு மத்தியானம் அவன் களியும் கீரையும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அமலா அடுப்படியில் திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஜெனிட்டாவுக்குப் போன் போட்டாள்.

"அல்சர் இல்லடி" என்றாள்.

"தெரியும்டி. அண்ணன அனுப்பறேன்."

ஏனோக் வந்தார். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை, சத்தமான சிரிப்பு. புத்தி சொல்வாரோ என்று மனோகர் முறைப்பாக உட்கார்ந்திருந்தான். அவரோ காபியைக் குடித்துவிட்டு, "ஒங்கப்பா நந்திதுர்க் சுரங்கத்துல தானே வேல? அவரு டோக்கன் ஊட்டுல கீதா?" என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. அந்த ஊரில் எந்த வீட்டில்தான் இல்லை? சாமி மாடத்தில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில், சுரங்கம் மூடியபோது வீட்டோடு வந்துவிட்ட, நம்பர் அடித்த வட்டமான பித்தளைப் பில்லை. ஷிஃப்டுக்கு இறங்குகிறவன் பலகையிலிருந்து தன் பில்லையை எடுத்துக்கொண்டு, கீழே இறக்கும் கூண்டான கேஜில் ஏறுவான். மேலே வந்ததும் அதே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் பூமிக்குள் இருக்கிறான் என்று அர்த்தம்.

"எங்கப்பா ஆணி ஒரு தபா ரெண்டு நாளு காலியா இருந்துச்சி" என்றான் மனோகர், தானாகவே. "நானும் அம்மாவும் ஷாஃப்ட் வாசல்ல நின்னுக்கினு இருந்தோம். அவரு கேங்கு ஆளுங்க ஒருத்தர்கூட ஊட்டுக்குப் போவல. மேல வந்தவங்க அப்டியே மண்ணோட ஒக்காந்துக்கினு இருந்தாங்க."

"அதேதான்" என்றார் ஏனோக். "நாங்க ஆறு பேரு கீறோம். எல்லாம் பட்டாளத்து ஆளுங்க. ஸ்டேஷனுக்கு எதிர்ல கங்காதரன் மளிகைக் கடையில ஒரு பலக அடிச்சி வெச்சிக்கீறோம். பகல்ல டோக்கன் ஒங்கிட்ட இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஒங்கையால வந்து மாட்டணும். பேச வேணாம், ஒண்ணும் வேணாம். மாட்டிட்டு போய்க்கினே இரு. மாட்டலன்னா நாங்க தேடிக்கினு வருவோம். அவ்ளோதான் சங்கம்."

"சின்னப் புள்ளைங்க வெளையாட்டு மாரி கீது."

"ஆமா. ரெண்டு வருஷம் முன்னாடி இது இருந்திருந்தா இன்னொருத்தனும் எங்ககூட வெளையாடிக்கினு இருப்பான்" என்றார் ஏனோக். அப்போது அவர் சிரிக்கவில்லை.

கங்காதரன் கடையில் ஷாம்பு பாக்கெட் சரங்கள் தொங்கிய இடத்தைக் காலி செய்து பலகை அடித்திருந்தார்கள். "வியாபாரம் ஆவற எடத்த புடிச்சிட்டாங்க" என்று கங்காதரன் எல்லோரிடமும் அலுத்துக்கொள்வார். ஆனால் ஐந்தரை மணிக்குமேல் அவர் கண் தராசைவிடப் பலகைமேல்தான் அதிகம் இருக்கும். மனோகருக்காக ஏழாவது ஆணியை அடிக்க வந்தபோது, ஆறாவது ஆணிக்காரன் கிறிஸ்டோ, "அண்ணா, கடைசி ஆணி எனக்குக் குடுங்க, நான் எப்பவும் லேட்டு" என்று கேட்டு மாறிக்கொண்டான். முப்பத்து நாலு வயது, ஆட்டோ ஓட்டுகிறவன். சிரித்துக்கொண்டே இருப்பான். சிரிக்காத நாளில் பேச்சே இருக்காது.

முதல் மாதம் மனோகர் மாட்டினான், திரும்பினான். அடுத்த மாதம் மாட்டிவிட்டுக் கடை வாசலில் டீ குடிக்க நின்றான். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களோடு உட்கார்ந்தான். பெங்களூரிலிருந்து லவினா என்று ஒரு மனநல ஆலோசகப் பெண் வந்து பேசவைப்பாள். ஹேமந்தின் பெயரை அவன் முதலில் வெளியே சொன்னது அங்கேதான். ஏனோக்கோடு கோலாருக்குப் போய் டாக்டரைப் பார்த்தான். மாத்திரை சாப்பிட்டான். இந்தத் தடவை உண்மையான மாத்திரை. ராத்திரி நாலு மணி நேரம் தூங்கினான். அமலா தையலுக்குத் திரும்பினாள். சரோஜம்மாவின் கட்டுப் பிரித்து இரண்டு மாதமாகியும் தண்ணீர் மொள்வது மட்டும் நிற்கவில்லை. "இன்னும் லேசா வலிக்குதுப்பா" என்பாள் அவள், அதே கையால் அம்மியைத் தேய்த்துக்கொண்டு.

தரை மட்டும் விடவில்லை. விடியற்காலையில் டார்ச்சும், இருபது நிமிஷமும், "ட்ராக்க உட்டு எறங்காத"வும் அப்படியே இருந்தன. இது அவ்வளவுதான், இதோடு வாழ்ந்துவிட்டுப் போகலாம் என்று அமலா மனதைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் கம்பெனியில் மெஷின்களுக்குப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரியும் லட்டும் கொடுத்து மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். அமலா பொரி மூட்டையோடு மாரிகுப்பத்தில் இறங்கியபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. எலுமிச்சம்பழம் வாங்கலாம் என்று எதிர்க்கடைக்குப் போனாள். கடை வாசலில் மனோகரோடு சேர்த்து ஆறு பேர் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஏழாவது ஆணி காலியாக இருந்தது. கடிகாரம் ஆறேகால் காட்டியது.

"போன் ஸ்விட்ச் ஆஃப்" என்றார் ஏனோக். குரலில் சத்தம் குறைந்திருந்தது. "நேத்து கிறிஸ்டோ சரியா பேசல. சிரிக்கவும் இல்ல. நான் கவனிச்சிருக்கணும். வண்டிய எடுங்கப்பா, சுத்திக்கினு போவலாம்."

கிறிஸ்டோவின் வீடு சயனைட் மேட்டுக்கு அந்தப் பக்கத்து லைனில் இருந்தது. சயனைட் ஊற்றித் தங்கம் பிரித்த சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டிக் குன்றாகிவிட்ட மேடு. ரோட்டில் சுற்றிப் போனால் பூசைக் கூட்டத்தில் அரைமணி ஆகும். குறுக்கே போனால் பத்து நிமிஷம். குறுக்கே என்றால் வேலிகாத்தான் புதர், மழை அறுத்த பள்ளம், உடைந்த குழாய், யார் யாரோ தோண்டிப் போட்ட மண் குவியல். மனோகர் ஊருக்கு வந்து ஒன்றரை வருஷத்தில் அந்தத் திசையில் ஒரு அடி வைத்ததில்லை.

அவன் ஆணியைப் பார்த்தான். மேட்டைப் பார்த்தான். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஓடினான்.

அமலா வாயைத் திறந்தாள். பார்த்துப் போங்க என்று கத்துவதற்குத்தான். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். பார்க்காமல் ஓடுகிறான்! குவியல்மேல் ஏறி, பள்ளத்தைத் தாண்டி, ஒரு செருப்புக் கழன்று விழுந்தது தெரியாமல், கண் அந்த லைன் கூரைமேல் இருக்க, நாற்பத்தைந்து வயதுக்காரன் இளவட்டம்போல ஓடுகிறான். அவளும் பின்னாலேயே ஓடினாள். பொரி மூட்டை அவிழ்ந்து வழியெல்லாம் கொட்டியது.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது கிறிஸ்டோ உயிரோடு, ஈரக் கைலியோடு, ஆட்டோவை நுரை பொங்கக் கழுவிக்கொண்டிருந்தான். கைப்பிடியில் வாழைக்கன்று கட்டியிருந்தது. மனோகர் அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"இன்னாண்ணா? இன்னா ஆச்சி?"

"டோக்கன்... ஆணி..."

"மத்தியானமே மாட்டிட்டேனேண்ணா! வண்டி கழுவணும்னு முன்னாடியே வந்து மாட்டனேன். போன் சார்ஜ்ல கீது."

வண்டிகளில் மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். கடைசியாக டிவிஎஸ்ஸில் கங்காதரன் வந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த அவர் பெண்டாட்டி வெங்கடம்மா, முழங்கை வரை புளிக்கரைசல் வழிய, பளபளக்கும் பித்தளைப் பில்லையை உயர்த்திக் காட்டினாள்.

"நான் பாவிங்க! பூசைக்குத் தராசுத் தட்டு, வெளக்கு எல்லாம் புளி போட்டுத் தேச்சிக்கினு இருந்தனா, இது ஒண்ணு மட்டும் கறுப்பா தொங்கிக்கினு இருந்துச்சி. கையோட இதயும் ஒரு தேய் தேய்க்கலாம்னு எடுத்து அண்டாவுல போட்டேன். மறந்தே பூட்டேன்."

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. கங்காதரன்கூடச் சிரித்தார். கிறிஸ்டோ மட்டும் சிரிக்கவில்லை. ஆட்டோவின் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான்.

"நான் இல்லன்னா எவன் தேடப் போறான்னு நேத்து ராவெல்லாம் நெனச்சிக்கினு கெடந்தேண்ணா" என்றான். "பாஞ்சி நிமிஷம்தான் லேட்டு. ஒம்பது பேரு வந்துட்டீங்களே."

ஏனோக் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "நேத்து நெனச்சத எங்கிட்ட சொல்லு. இப்பவே சொல்லு. நாளைக்கு டாக்டர்கிட்ட நானும் வரேன்." மனோகர் பில்லையை வாங்கிக் கிறிஸ்டோவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான். அப்புறம்தான் தன் கால் எரிவதை உணர்ந்தான்.

வீட்டில் அமலா ஊக்கால் முள் எடுத்தாள். பதினான்கு முள்.

"இத்தினி முள்ளு எப்டி ஏறிச்சி?"

"ஓடனீங்களே. செருப்பு கூட ஒண்ணு காணோம்."

அவன் தன் பாதத்தைப் புதிதாகப் பார்ப்பவனைப்போலப் பார்த்தான். அவள் மேற்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் கலைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

பூசை விடுமுறை முடிந்த காலை, அமலா வழக்கம்போல இருபது நிமிஷம் முன்பே கிளம்பி வாசலில் நின்றாள். மனோகர் டார்ச்சோடு வந்தான். கால் வீக்கம் வடிந்திருந்தது.

"நீ போ" என்றான். "அந்தச் செருப்பு புதுசு. பசங்க எவனாவது எடுத்துக்கினு போறதுக்குள்ள நான் போயி தேடிக்கினு வரேன்."

டார்ச் வெளிச்சம் வலது பக்கம், மேட்டைப் பார்த்துத் திரும்பியது. அமலா இடது பக்கம் திரும்பி நடந்தாள். முதலில் பழக்கத்தில் காலடியைத் தேடினாள். முன்னால் காலடி எதுவும் இல்லை. இஷ்டப்பட்ட இடத்தில் கால் வைத்தாள். மூன்று நிமிஷத்தில் ஸ்டேஷன் வந்துவிட்டது. கையில் மிச்சமிருந்த பதினேழு நிமிஷத்தை என்ன செய்வதென்று தெரியாமல் பிளாட்பாரத்தில் நின்றாள்.

ஜெனிட்டா வந்து பக்கத்தில் நின்று, இருட்டில் மேட்டடியை உற்றுப் பார்த்தாள். அங்கே ஒரு வெளிச்சம் புதர் புதராக அலைந்துகொண்டிருந்தது.

"யாருடி அது, இந்நேரத்துல டார்ச் அடிச்சிக்கினு?"

"எங்கூட்டுக்காரரு" என்றாள் அமலா. "செருப்பத் தேடறாரு."